போன பையனா, வந்த பையனா

ராக்கம்மாவுக்கும் அவள் புருஷன் தங்கராஜுவுக்கும் கல்யாணமான வாரத்திலேயே ஆரம்பித்த சண்டை ஒன்று இன்னும் தீரவில்லை. நகை, நாத்தனார், குழம்பில் உப்பு என்று ஊரில் எல்லாரும் சண்டை போடுகிற விஷயம் எதுவும் அதற்குக் காரணம் இல்லை. காரணம் ஒரு சினிமா. அந்தப் படத்தில் வருகிற பையன் கடைசியில் ஊரை விட்டுப் போனானா, ஊருக்குத் திரும்பி வந்தானா என்பதுதான் வழக்கு. போனான் என்பாள் ராக்கம்மா. வந்தான் என்பார் தங்கராஜு. மகள் பிறந்து, வளர்ந்து, அவளையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பையன் மட்டும் இன்னும் போய்ச் சேரவும் இல்லை, வந்து சேரவும் இல்லை.

இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள், அதுவும் ஒரே நாளில். அப்புறம் எப்படி இந்தக் கூத்து என்று கேட்டால், அதற்கு அவர்கள் பிறந்த தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், மந்தினிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில் இருந்த ரப்பர்த் தோட்டம் அது. குன்றின் மேலே மேல் டிவிஷன், ஆற்றோரத்தில் கீழ் டிவிஷன். தங்கராஜு மேல், ராக்கம்மா கீழ். மாதம் ஒரு முறை சிரம்பானிலிருந்து படக்காரர் ஒருவர் வேனில் வந்து வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார். படம் ஒன்று, டிவிஷன் இரண்டு. ஒருநாள் மேலே காட்டிவிட்டு மறுநாள் கீழே காட்டினால் போயிற்று என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். துரைக்குத் தோன்றவில்லை. மறுநாள் விடியற்காலை இரண்டு டிவிஷன் ஆளும் ஒரே நேரத்தில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தாக வேண்டும். படத்தைச் சாக்காக வைத்து ஒருவன்கூட மேலும் கீழும் அலைந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் படம் தொடங்கி ஒரே நேரத்தில் முடியவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

படக்காரர் என்ன செய்வார், பாவம். இரண்டு மெஷின் கொண்டு வந்தார். படம் இரண்டு டப்பாவில் வரும். ஒரு டப்பா மேலே போகும், ஒரு டப்பா கீழே போகும். இடைவேளையில் கிராணியின் ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் டப்பாவை மாற்றிக் கொடுப்பான். யாருக்கு முதல் பாதி என்று இரண்டு டிவிஷனும் மல்லுக்கு நின்றபோது, கணக்கப்பிள்ளை வேலை பார்த்த அந்தக் கிராணி பெரிய நீதிமானாகி ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒரு மாதம் மேலே முதல் பாதி, அடுத்த மாதம் கீழே முதல் பாதி.

ஆக, எல்லாரும் பாதிப் படங்களை நேராகவும் பாதிப் படங்களைத் தலைகீழாகவும் பார்த்தார்கள். செத்துப்போன கதாநாயகன் இடைவேளைக்குப் பிறகு எழுந்து வந்து பூங்காவில் காதல் செய்வான். பிள்ளைக்குப் பேர் வைத்த பிறகுதான் பெண் பார்க்கவே வருவார்கள். யாரும் குறை சொன்னதில்லை. படம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். எந்த மாதம் யாருடைய முறை என்பதை மனதில் வைத்திருந்தவர் கிராணி ஒருவர்தான். அவரும் அதைத் தன்னோடு கொண்டு போய்விட்டார்.

வழக்கில் இருக்கிற படம், அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே அரதப் பழசு. சினிமா வாய் திறந்து பேச ஆரம்பித்த புதிதில், கிராமத்துச் சிறுவன் ஒருவனைப் பற்றிய நாவலை வைத்து எடுத்தது. தலையும் வாலும் தேய்ந்து அறுந்துபோய் வந்ததால் பேரும் தெரியாது, முடிவில் போடுகிற வணக்கமும் கிடையாது. ஒரு டப்பாவில் பையன் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் மாவாட்டுகிறான், உதை வாங்குகிறான், அழுதுகொண்டே பாடுகிறான், கடைசியில் மாட்டு வண்டியேறி ஊருக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். இன்னொரு டப்பாவில் அதே பையன் ஊரில் மீன் பிடிக்கிறான், மாங்காய் திருடுகிறான், தூங்குகிற வாத்தியாரின் குடுமியில் ஓணானைக் கட்டிவிடுகிறான், கடைசியில் அதே மாட்டு வண்டியேறி அம்மாவை விட்டுப் போகிறான். படக் கம்பெனி சிக்கனக்காரக் கம்பெனி. போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே வண்டிக்காரன், ஒரே பாட்டு. மேல் டிவிஷன் அதை 'வந்த பையன் படம்' என்றது. கீழ் டிவிஷன் 'போன பையன் படம்' என்றது. படக்காரர் அன்றைக்கு டப்பாக்களைத் தோட்டத்துக் கிளப்பில் மறந்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. இரண்டாம் தடவை பார்த்துச் சரிசெய்துகொள்ள யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆளெல்லாம் லோபாக், மம்பாவ் என்று டவுன் பக்கம் போய்விட்டார்கள். மேல் டிவிஷன் லயத்தில், வரிசையாக இருக்கிற வீடுகளில், விளக்கு எரிவது தங்கராஜுவின் வீட்டில் மட்டும்தான். தோட்டத்தை வாங்கிய கம்பெனி, இருக்கிறவரை இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. கரண்டு உண்டு, தண்ணீர் உண்டு. பேசுவதற்கு ஆள்தான் இல்லை.

ராக்கம்மாவுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அவளுக்கு ஊர்ப் பாசம், மண் வாசனை என்ற வியாதியெல்லாம் கிடையாது. காலையில் எழுந்தால் பாசாருக்கு நடந்து போய் மீன்காரனோடு பேரம் பேச வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்க வேண்டும். அவளைப் பற்றி எதிர் வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டும். இதுதான் அவள் கேட்கிற வாழ்க்கை. அதைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. போன மழையில் தங்கராஜு குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவள் வாசலில் நின்று கத்தினாள். குரங்குகள்தான் எட்டிப் பார்த்தன. அன்றிலிருந்து அவர் குளிக்கப் போனால், திரும்பி வருகிறவரை அவளுக்கு அடுப்பில் கவனம் இல்லை.

அவர்களுடைய மகள் விமலா மந்தினில் இருக்கிறாள். அவள்தான் லோபாக்கில், படி ஏற வேண்டாத கீழ்த்தட்டு ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். மாத முடிவுக்குள் சரி என்று சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்.

"நான் வரல," என்றார் தங்கராஜு.

"ஏன் வரல? இங்க என்னா இருக்கு?"

"நம்ம ஊரு, நம்ம ஆளுங்க."

"எந்த ஆளுங்க? பேரச் சொல்லுங்க பாப்போம். ராத்திரியில மரவள்ளியத் தோண்ட வருதே காட்டுப்பன்னி, அதுவா?"

தங்கராஜு ரேடியோவைத் திருகினார். அவர் திருகினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இப்படி மாதம் தேய்ந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை காலையில் யோகேந்திரன் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், காலேஜில் பாடம் நடத்துகிறவர், பழைய படம் என்றால் உயிரை விடுகிறவர். இடிக்கப்போகிற தோட்டத்துக் கிளப்பில் அவருக்கு இரண்டு துருப்பிடித்த டப்பாக்கள் கிடைத்திருந்தன. உள்ளே படச்சுருள், புளித்த காடியின் வாடையோடு. அதை எங்கெங்கோ அனுப்பிச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, லோபாக் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுக் காட்டப் போகிறாராம். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் மாட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

"ஐயோ, அந்தப் பையன்," என்றாள் ராக்கம்மா. சொந்தக்காரப் பிள்ளையைப் பார்த்ததுபோல முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"வந்த பையன்," என்றார் தங்கராஜு.

முந்தானை அந்த நொடியே கீழே இறங்கிவிட்டது. "போன பையன்," என்றாள். பிறகு, மாதக் கணக்காக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது பொங்கி வெளியே வந்தது. "இந்தாங்க, இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டிருவோம். சார் சாட்சி. படத்துல பையன் திரும்பி வந்திருந்தா, நான் இந்த லயத்துலயே கெடக்குறேன், லோபாக்குங்கிற பேச்சே எடுக்க மாட்டேன். போயிருந்தா, நீங்க வாயத் தொறக்காம லோரியில ஏறணும். சம்மதமா?"

தங்கராஜு யோசிக்கவே இல்லை. "சம்மதம்லா. நீ தோத்துட்டு அழக்கூடாது."

இருவரும் யோகேந்திரனைப் பார்த்தார்கள். அவர் நெளிந்தார்.

"ஆன்ட்டி, அதைக் கேக்கத்தான் நான் வந்தேன். டப்பாவுல ஒட்டியிருந்த நம்பர்ச் சீட்டைக் கரையான் தின்னுருச்சு. எது முதல் பாதி, எது ரெண்டாவது பாதின்னு எனக்கே தெரியல. பேச்சும் தெளிவா கேக்கல, பாட்டு மட்டுந்தான் கேக்குது. படத்தைப் பாத்தவங்க சொன்னா அதன்படி போடலாம்னு…"

ராக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தங்கராஜுதான் முதலில் சுதாரித்தார்.

"அது நாவல்தான? புஸ்தகத்தப் பாத்தா தெரியுமே."

"பாத்துட்டேன் அங்கிள். மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. முழுசாப் படிச்சிட்டேன்." யோகேந்திரன் பெருமூச்சு விட்டார். "நாவல்ல பையன் ஊரை விட்டு எங்கயும் போகவே இல்ல. பக்கம் பக்கமா மீன் பிடிக்கிறான், மாங்கா அடிக்கிறான், அவ்ளோதான். பட்டணம், மாவாட்டுறது, வண்டி எல்லாம் படக் கம்பெனி சொந்தமா சேர்த்தது."

"ஏன் சேர்த்தான்?"

"அழுகைப் பாட்டு வைக்க எடம் வேணும்ல."

கடைசியில், மண்டபத்திலேயே வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. இரண்டு டிவிஷன் பழைய ஆட்களையும் கூப்பிடுவது, இரண்டு பாதியையும் போடுவது, கூட்டம் சொல்கிறபடி வரிசையை முடிவு செய்வது. பந்தயம் அப்படியே இருக்கிறது என்று தங்கராஜு இரண்டு தடவை சொன்னார். ராக்கம்மா அன்றைக்கு முழுக்கக் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பையன் போயிருக்க வேண்டும் தாயே என்று ஒரு பெண்பிள்ளை சாமியிடம் கேட்பது நியாயமா என்று சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விமலாவின் காரில் போய் இறங்கினார்கள். மண்டபத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம் என்று ராக்கம்மா நினைத்திருந்தாள். வாசலிலேயே திணறிப்போனாள். வெள்ளைத் தலையும் வழுக்கைத் தலையுமாக உள்ளே கூட்டம் நெரிந்தது. சக்கர நாற்காலியில் வந்தவர்கள், மகன் கையைப் பிடித்து வந்தவர்கள், எவர் கையையும் தட்டிவிட்டு வந்தவர்கள். யாரும் சொல்லாமலே மேல் டிவிஷன் ஆட்கள் வலது பக்கமும் கீழ் டிவிஷன் ஆட்கள் இடது பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய் தங்கம்," என்று ஒரு குரல். மேல் டிவிஷனில் தங்கராஜுவோடு ரப்பர்ப் பால் வெட்டி, பிறகு லோபாக்கில் பஸ் ஓட்டி ஓய்ந்த தேவன், முட்டி வலியை மறந்து ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "செத்துட்டேன்னு சொன்னாங்களேடா."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ வரவே இல்ல, நாங்களா நெனச்சுக்கிட்டோம்."

தங்கராஜு சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று ராக்கம்மா நினைத்துப் பார்ப்பதற்குள், அவளையும் முத்தாயி இழுத்துக்கொண்டு போய்விட்டாள். முத்தாயி கீழ் டிவிஷனில் அவளுக்குப் பக்கத்து வீடு. இப்போது லோபாக்கில், விமலா பார்த்து வைத்த ஃபிளாட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறாள். அந்தக் கட்டடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்கிற விவரங்களை, விளக்கு அணைவதற்குள் முத்தாயி சொல்லி முடித்தாள். ராக்கம்மாவுக்கு அமிர்தம் குடித்த மாதிரி இருந்தது. காளியம்மா, பையன் போயிருக்கணும் என்று இன்னொரு தடவை வேண்டிக்கொண்டாள்.

யோகேந்திரன் காசைச் சுண்டினார். பட்டணத்துப் பாதி முதலில் என்று விழுந்தது. இடது பக்கம் கைதட்டியது. வலது பக்கம், இது செல்லாது என்றது.

படம் ஓடியது. கோடும் புள்ளியுமாக மழை பெய்கிற மாதிரி ஒரு படம். பேச்செல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. ஆனால் பையன் மாவாட்டிக்கொண்டே பாடியபோது மண்டபம் முழுக்கக் கூடவே பாடியது, மேலும் கீழும் சேர்ந்து. மாட்டு வண்டி ஊருக்குள் வந்தது. பையன் குதித்தான். அம்மாக்காரி வாசலிலிருந்து ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரனும் குடுமிக்கார வாத்தியாரும் ஓடி வந்தார்கள். ராக்கம்மா அழுதாள். அழுதுகொண்டே, பொம்பளைப் புத்தி போகுமா, அம்மாக்காரி என்ன போட்டிருக்கிறாள் என்று பார்த்தாள். கழுத்தில் வெறும் தாலிக்கயிறு. காதில் ஒன்றும் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வெறும் ஈர்க்குச்சி. பாவம், இல்லாதப்பட்டவள் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் வடையும் தேத்தண்ணீரும் வந்தன. தங்கராஜு வலது பக்கத்துக்குத் தலைவராகிவிட்டிருந்தார். கையில் கடித்த வடையோடு, பட்டணத்தில் தொடங்குகிற கதை உலகத்தில் உண்டா என்று இடது பக்கத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தேவன் மேசையைத் தட்டினார்.

இரண்டாவது பாதி தொடங்கியது. கிராமம். வாசலில் அம்மாக்காரி பையனுக்குத் தலை வாருகிறாள். வெயில் அவள் முகத்தில் அடிக்கிறது. காதில் பெரிய கல் கம்மல் மின்னியது.

ராக்கம்மாவின் கையிலிருந்த கைக்குட்டை அப்படியே நின்றது.

எங்கிருந்து வந்தது இந்தக் கம்மல்? பையன் பட்டணத்திலிருந்து கொண்டு வந்த காசில் வாங்கியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவன் வெறுங்கையோடு அல்லவா குதித்தான். சரி, அம்மா வீட்டில் போட்டிருப்பார்கள். யாராவது இரவல் கொடுத்திருப்பார்கள். அவள் இப்படி ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே திரையில் பையன் மீன் பிடித்தான், ஓணானைக் கட்டினான், கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. படத்தின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டில் அரிசிப் பானை காலி. அம்மாக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கம்மலைக் கழற்றுகிறாள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து, இரண்டாக்கி, காதில் செருகிக்கொள்கிறாள். கம்மலை விற்ற காசைப் பையனின் துணி மூட்டையில் முடிந்து வண்டியேற்றி விடுகிறாள்.

இதுதான் முன்னால் நடந்தது. ஈர்க்குச்சியோடு ஓடி வந்து கட்டிக்கொண்டது பின்னால். பையன் திரும்பி வந்தான். கிராணி அந்த மாதம் முதல் பாதியை மேல் டிவிஷனுக்குத்தான் அனுப்பியிருக்கிறார். இத்தனை காலமும் இந்த மனுஷன் சொன்னதுதான் சரி.

விளக்குப் போட்டார்கள். மண்டபம் அடிதடிக்குத் தயாரானது. வண்டியின் அச்சாணி, மாட்டின் கொம்பு, மூட்டையின் பருமன் என்று ஆளுக்கொரு சாட்சியம் சொன்னார்கள். காதைப் பற்றி யாரும் பேசவில்லை. யோகேந்திரன், சரி, கை தூக்குங்கள் என்றார். முதலில் 'போன பையன்' கட்சி. இடது பக்கம் முழுக்கக் கை எழுந்தது. அதோடு, வேடிக்கை பார்க்க வந்திருந்த லோபாக் இளசுகளும் தூக்கினார்கள். சோகமாக முடிந்தால்தான் கிளாஸ் என்று யாரோ ஒருவன் சொன்னான். எண்ணவே தேவையில்லை. ஃபிளாட், பாசார், முத்தாயி எல்லாம் ராக்கம்மாவின் மடியில் வந்து விழுந்துவிட்டன. அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். சும்மா இருப்பது.

அவள் வலது பக்கம் பார்த்தாள். தங்கராஜு வடை எண்ணெய் பட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருஷம் அவரைப் பொய்யர் என்றிருக்கிறாள், பிள்ளையின் முன்னால், மாமியார் முன்னால், அவர் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் வைத்து. எல்லாத் தடவையும் அவர் சொன்னது சரியாக இருந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு அந்தக் கீழ்த்தட்டு வீட்டில் அவருக்குச் சோறு போடுவது எப்படி? முத்தாயி, கையைத் தூக்குடி என்று இடித்தாள். ராக்கம்மா கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"காதப் பாருங்க," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் நடந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னாள். "சார், வண்டியில வந்து கட்டிப்புடிக்கிற எடத்தப் போடுங்க. அவ காதப் பாருங்க. ஈர்க்குச்சி. இப்ப கம்மல் கழட்டுற எடத்தப் போடுங்க." தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "வித்தது முன்னாடி. பையன் வந்தது பின்னாடி. விமலா அப்பா சொன்னதுதான் சரி."

யோகேந்திரன் போட்டார். மறுபடியும் போட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்து மண்டபம் முழுக்கப் பரவியது. அப்புறம் வலது பக்கம் வெடித்தது. தேவன் நாற்காலி மேலேயே ஏறப் பார்த்தார், அவர் மகன் பிடித்து இழுத்தான். ராக்கம்மா தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லடி," என்றாள் முத்தாயி.

"இருந்திருக்கலாம்தான்," என்றாள் ராக்கம்மா. அவளுக்கு அழுகை வந்தது. இந்த முறை படத்துக்காக இல்லை.

தங்கராஜுவை விட்டுப் பிரிய அவர் கூட்டாளிகளுக்கு மனமே இல்லை. அடுத்த வாரம் சீட்டாட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று தேவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒருவழியாக விமலா காரை எடுத்தாள். பின் சீட்டில் ராக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தயம் பந்தயம்தான். இனி லோபாக் என்கிற வார்த்தை அவள் வாயில் வராது. முன் சீட்டில் ஜெயித்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் தொலைத்தாலாவது திருப்பி நாலு வார்த்தை கொடுக்கலாம்.

சாலை பிரிகிற இடத்தில் அவர் சொன்னார். "விமலா, அந்த வீட்டுப் பக்கம் விடு. பாத்துட்டுப் போவோம்."

"எந்த வீடு?" என்றாள் விமலா.

"நீ பாத்து வச்சியே, கீழ்த்தட்டு."

"எதுக்கு?" என்றாள் ராக்கம்மா ஜன்னலைப் பார்த்தபடியே. "பையன்தான் திரும்பி வந்துட்டானே. நான் பேச்சு மாற மாட்டேன்."

"வந்தான். இல்லேங்கல. எங்க வந்தான்?" தங்கராஜு திரும்பி அவளைப் பார்த்தார். "வண்டிய விட்டு எறங்குறான், அம்மாக்காரி ஓடியாரா. பக்கத்து வீட்டுக்காரன் ஓடியாரான். குடுமியில ஓணான் கட்டினானே, அந்த வாத்தியாரும் பின்னாடி ஓடியாரார். ஆளு இருந்த எடத்துக்கு அவன் வந்தான். நம்ம லயத்துல போயி நாம எறங்குனா எவன் ஓடியாருவான்? இன்னிக்கு மண்டபத்து வாசல்ல எறங்குனேன், தேவன் அந்தக் கால வச்சுக்கிட்டு ஓடியாந்தான்லா." வேட்டியிலிருந்த வடை எண்ணெய்க் கறையைத் தேய்த்தார். "நம்ம ஆளுங்க, நம்ம ஆளுங்கன்னு சொல்லிக்கிட்டு நான் மட்டும் அங்க ஒக்காந்திருக்கேன். எல்லாரும் இங்க இருக்கானுங்க."

ராக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்ததும் அவர், விட்டுக்கொடுத்ததும் அவர். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் சண்டையில் ஒரு கைப்பிடி இடம்கூட அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை இந்த மனுஷன்.

"இத அங்கயே சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு நின்னு ஊர் முன்னாடி தோத்திருக்க வேணாமே," என்றாள்.

"நானும் காதப் பாத்தேன்."

கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது. ராக்கம்மா மெல்லத் திரும்பினாள். "எப்பப் பாத்தீங்க?"

"கம்மலக் கழட்டினாளே, அப்பவே. நீயும் பாத்துட்டேன்னு தெரியும். ஓணானுக்கு நீ சிரிக்கல. நீ எந்திரிக்கிறியா இல்லியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எந்திரிக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் இங்கதான் வந்திருப்பேன்." தங்கராஜு முன்னால் திரும்பிக்கொண்டார். "ஆனா, சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பேன்."

விமலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். ராக்கம்மாவுக்கு அழுவதா, முன் சீட்டை எட்டி உதைப்பதா என்று தெரியவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கட்டடங்கள் வந்தன. கீழே, கொடியில் யாரோ கைலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கோ கருவாடு பொரிகிற வாசனை வந்தது.

"அம்மா, காரு இன்னும் நிக்கலம்மா," என்றாள் விமலா.

ராக்கம்மா அதற்குள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தாள்.